டுவேன் சாகும்வரை கல்யாணம் இல்லை

வெள்ளிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு யார் அந்தப் பக்கம் வந்தாலும் பெர்னடீன் பியோன்டெக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "டுவேன் வந்திருந்தானா? மூஞ்சி எப்படி இருந்தது? வெளிறியிருந்ததா?"

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டால் உருகிப்போவார்கள். விவாகரத்தாகி முப்பத்தேழு வருஷம் கழித்தும் முன்னாள் கணவர் மேல் இத்தனை அக்கறையா என்று நினைப்பார்கள். பழையவர்களுக்குத்தான் தெரியும், டுவேன் செத்தால் பெர்னடீனுக்கு லாபம். மில்வாக்கி ஊரின் தெற்குப் பக்கத்தில் இதை யாரும் பெரிய பாவமாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லார் வீட்டுக் கணக்கிலும் இப்படி ஒருத்தர் உயிரோடு இருந்து இடைஞ்சல் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

நான் பெர்னடீன் வீட்டு மாடியில் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். அயல்நாட்டில் குடியேறியவர்களுக்கு அரசாங்க உறை எதைக் கண்டாலும் பயம். அதனால் உள்ளே இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படித்துவிடுவேன். பெர்னடீன் இதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டார். தனக்கு வரும் தபாலையும் மாடிக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். அப்படித்தான் அவருடைய இரண்டாவது கல்யாணம் கெடப் பார்த்தது. அதற்கு முன்னால் மீனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

1978 செப்டம்பரில் பெர்னடீன் டுவேனைக் கட்டிக்கொண்டார். டுவேன் தொழிற்சாலையில் பளுதூக்கும் வண்டி ஓட்டுபவர், நல்ல சம்பளம். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. ஆனால் வாயைத் திறந்தால், மரக்கட்டைகளைச் சாய்க்கப் பந்து உருட்டும் விளையாட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது. "ஒம்பது வருஷம் ஸ்கோர் கேட்டேன் கண்ணு. அதுக்கு மேல மனுஷியால முடியாது" என்பார் பெர்னடீன். 1988 மே மாதம் விவாகரத்துத் தீர்ப்பு வந்திருக்க வேண்டியது. அவர் தங்கை டொலோரஸ் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை பார்த்தாள். அவள்தான் போன் செய்து சொன்னாள்: "அக்கா, அவசரப்படாத. பத்து வருஷம் முழுசா நின்ன கல்யாணம்னாத்தான் வயசானப்புறம் அவன் கணக்குல உனக்கு சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் பணம் கேக்க முடியும். ஒரு நாள் குறைஞ்சாலும் போச்சு."

இன்னும் நாலு மாதம் ஓட்ட வேண்டும். வீடு பெர்னடீனுக்கு, படகு டுவேனுக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சண்டை போட எதுவுமே மிச்சமில்லை. கூடத்துச் சுவரில், வாயைப் பிளந்தபடி, பாடம் செய்த நாற்பத்தெட்டு அங்குல மீன் ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. டுவேன் பிடித்தது. பெர்னடீனுக்கு அதைக் கண்டாலே அருவருப்பு. மறுநாள் வக்கீலிடம் போய், "அந்த மீன் எனக்கு வேணும். வலையைப் போட்டுத் தூக்கினது நான். அது இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

மீனுக்காக மூன்று முறை வாய்தா வாங்கினார்கள். மீனின் மதிப்பைச் சொல்ல ஒரு நிபுணர் வந்தார். டுவேன் நீதிமன்றத்தில் அழுததாகச் சொல்கிறார்கள். கடைசியில் நீதிபதி வெறுத்துப்போய் மீனை பெர்னடீனுக்கே கொடுத்துத் தீர்ப்பு எழுதியபோது கல்யாணமாகிப் பத்து வருஷமும் பதினோரு நாளும் ஆகியிருந்தது. அந்த மீன் அன்றிலிருந்து குளியலறையில், கழிப்பறைக்கு நேர் மேலே தொங்குகிறது. தீர்ப்பின் நகலும் கல்யாணப் பத்திரமும் பிளாஸ்டிக் பையில் ஃப்ரீசருக்குள் மான்கறிச் சாஸேஜுக்கு அடியில் இருக்கும். வீடு பற்றி எரிந்தாலும் ஃப்ரீசர் எரியாது என்பது இந்தத் தெருவின் நம்பிக்கை.

அதன்பின் பெர்னடீன் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவியும் உருளைக்கிழங்கு மசித்தும் முப்பது வருஷம் ஓட்டினார். அறுபத்திரண்டு வயதானபோது தெரு முக்குச் சாராயக் கடையில் எல்லாரும் சொன்னார்கள், உடனே பணத்தைக் கேள், நாளைக்கு யார் இருப்பார்களோ என்று. பெர்னடீன் அசையவில்லை. "இப்பவே வாங்கினா கவர்மெண்ட்டுக்காரன் வெட்டித்தான் குடுப்பான். பத்து வருஷம் அவனோட இருந்தவ நான். இன்னும் நாலரை வருஷம் தட்டு கழுவுறது ஒண்ணும் கஷ்டமில்ல." முழுப் பணத்துக்கான வயது நிரம்பிய மாதம் ஃப்ரீசரைத் திறந்து, உறைந்துபோன பையோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போனார். தன் கணக்கில் வந்த சொற்பத்தோடு டுவேன் கணக்கிலிருந்து மாதம் நானூற்றிருபது டாலர் சேர்ந்தது. டுவேனுக்கு ஒரு காசு குறையாது, யாரும் அவருக்குச் சொல்லவும் மாட்டார்கள். பெர்னடீனுக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம். குறைந்திருந்தால் இன்னும் இனித்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஓர்வில் வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர், எழுபத்தொரு வயது, போல்கா இசைக்குழுவில் அக்கார்டியன் வாசித்தவர். சனிக்கிழமை முக்குக் கடையில் இறைச்சியைப் பரிசாக வைத்து நடக்கும் குலுக்கலில் ஒரு தட்டு பன்றி இறைச்சி ஜெயித்து, அதை அப்படியே பெர்னடீன் மடியில் வைத்தார். ஒரு மாதத்தில் கல்யாணம் பேசினார்கள். கடையில் யார் எதை வாங்கிக் குடித்தாலும் ஓர்வில் முந்திக்கொண்டு பணம் கொடுத்து, "அக்கார்டியன் குடுத்த காசு, இருக்கட்டும்" என்பார்.

பெர்னடீன் சோஷியல் செக்யூரிட்டி கையேட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். நான் படித்துவிட்டுச் சொன்னேன்: மறுமணம் செய்தால் பொதுவாக முன்னாள் கணவர் கணக்குப் பணம் நின்றுவிடும். ஆனால் முன்னாள் கணவர் இறந்துவிட்டால் கதை வேறு. அப்போது, இப்போதுபோல் அவர் தொகையில் பாதி வரை என்ற கணக்கு இல்லை, அவர் வாங்கிய முழுத் தொகையே வரும். அறுபதுக்கு மேல் எத்தனை கல்யாணம் செய்திருந்தாலும் அது நிற்காது. விதிவிலக்குகள் உண்டு என்றும் கீழே ஒரு வரி இருந்தது. விதிவிலக்கெல்லாம் மற்றவர்களுக்குத்தான் என்று நான் பழகிவிட்டேன். அதைச் சொல்லவில்லை.

"அப்ப டுவேன் முதல்ல போகணும்" என்றார் பெர்னடீன். "அப்புறம் கல்யாணம்."

இரண்டு வருஷம் போயிற்று. டுவேன் புதன்கிழமை தவறாமல் பந்து உருட்டினார். ஒரு முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று செய்தி வந்தது. பெர்னடீன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த நீல உடையைச் சலவைக்குப் போட்டார். வெறும் வாயு.

இந்தப் பிப்ரவரியில் வாடகை கொடுக்கக் கீழே போனேன். சமையலறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சூப்பைத் தொடவில்லை.

"மக அரிஸோனாவுல எனக்கு ஒரு அறை கட்டிட்டா" என்று ஓர்வில் என்னிடம் சொன்னார். "மார்ச் மாசம் போறேன். இவளை வரச்சொன்னேன், கட்டிக்கிட்டு வான்னு. மாட்டேங்கிறா. எழுபத்தி மூணு வயசுல ஒருத்தியைக் காட்டி கேர்ள்ஃபிரண்டுன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு."

"கொஞ்சம் பொறு கிழவா. அவனுக்கு அறுபத்தொம்பது. அவங்க அப்பன் எழுபதுல போயிட்டான்."

"அவங்க அம்மா?"

பெர்னடீன் உப்பை நகர்த்தி வைத்தார். டுவேனின் அம்மா தொண்ணூற்றாறு வயதில், சீட்டாட்டத்தில் ஜெயித்த கையோடு போய்ச் சேர்ந்தவர்.

"அவன் பதினஞ்சு பவுண்டு பந்தை உருட்டுறான் பெர்னி. எனக்கு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. யாரு முந்துவாங்கன்னு நீயே பாத்துக்க. அந்த நானூத்திருவது டாலர் போனா போகட்டுமே. என் பணம் ரெண்டு பேருக்கும் போதும்."

"அது என் வீட்டு வரி. பனிக்காலத்து கேஸ். ஒரு ஆம்பளை காசை நம்பி ஒரு தடவை இருந்தாச்சு ஓர்வில், சில்லறை கேக்குறப்பல்லாம் ஸ்கோரைக் கேக்கணும். மறுபடி கை நீட்ட மாட்டேன்."

"டுவேன் காசுக்கு மட்டும் கை நீட்டலாமா?"

"அது நான் மீனுக்கு அடிச்சுக்கிட்டு சம்பாதிச்சது."

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அலுவலகத்துக்கே போய் நேரில் கேட்பது, பணம் நிற்கும் என்று அவர்களும் சொல்லிவிட்டால் ஓர்வில் தனியாக அரிஸோனா போவது. பனி கொட்டிக்கொண்டிருந்ததால் நான் கார் ஓட்டினேன். அலுவலக வாசலில் என் கடவுச்சீட்டு பையில் இருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப்பார்த்துக்கொண்டேன், யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்றாலும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஸ் ஷோங் என்ற சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெர்னடீன் நேராக விஷயத்துக்கு வந்தார். "இவனைக் கட்டிக்கிட்டா எந்த மாசம் நிக்கும்? கட்டிக்கிட்டு அறுத்துக்கிட்டா திரும்ப வருமா?"

"இந்தக் கல்யாணமும் முடிஞ்சுபோச்சுன்னா திரும்ப மனு போடலாம்மா" என்றாள் மிஸ் ஷோங்.

"மோதிரம் இன்னும் வாங்கலை, அதுக்குள்ள பாருங்க" என்றார் ஓர்வில் என்னிடம்.

"சார், நீங்க எங்ககிட்ட என்ன வகைப் பணம் வாங்குறீங்க?"

ஓர்வில் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தார். "சாதாரண வகைதான்."

"உங்க சொந்த உழைப்புக் கணக்கா?"

"அப்படியும் சொல்லலாம்."

"வேற எப்படிச் சொல்லலாம்?"

"பெர்னி, நீ கொஞ்சம் வெளியில இரேன்."

"வெளியில பனி கொட்டுது" என்றார் பெர்னடீன்.

மிஸ் ஷோங் பேனாவைக் கீழே வைத்தாள். "கட்டாயம் இல்லை சார். ஆனா நீங்க சொல்லலைன்னா, இந்தம்மாவுக்குப் பணம் நிக்கும்னுதான் நான் பதில் சொல்லியாகணும்."

ஓர்வில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இல்ஸோடது" என்றார். "என் பெண்டாட்டி. செத்துப்போனவ. டிராக்டர் தொழிற்சாலையில வெல்டிங் பண்ணினா, முப்பத்திரண்டு வருஷம். அவ கணக்குலதான் வருது."

"அக்கார்டியன்?" என்று கேட்டார் பெர்னடீன்.

"அக்கார்டியனுக்கு பீர் குடுத்தாங்க."

மிஸ் ஷோங் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தாள். இறந்த துணையின் கணக்கில் பணம் வாங்குகிறவரைக் கட்டிக்கொண்டால் முன்னாள் கணவர் கணக்குப் பணம் நிற்பதில்லையாம். அறுபதுக்கு மேல் கட்டிக்கொள்வதால் ஓர்விலுடையதும் நிற்காது. "கையேட்டில் விதிவிலக்குன்னு போட்டிருக்கே, அது இதுதான்" என்றாள். நான் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் நாலாவது சிக்னலில் கார் நின்றது.

"ரெண்டு வருஷம்" என்றார் பெர்னடீன். "ரெண்டு வருஷமா ஒருத்தன் சாகணும்னு கன்னிமரியாளுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன். வாரத்துக்கு ஒண்ணு. ஒண்ணு ஒரு டாலர்."

"அதை நான் குடுத்துடறேன்."

"இல்ஸ் காசுலயா?"

ஓர்வில் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பெண்டாட்டி காசுல உக்காந்து சாப்பிடறவன்னு நீ நினைச்சிடுவியோன்னு பயந்தேன்."

"நான் யார் காசுல உக்காந்து சாப்பிடறேன்? கவர்னர் காசுலயா?"

இன்னும் ஒரு சிக்னல் தாண்டியது.

"நல்லா வெல்டிங் பண்ணுவாளா?" என்று கேட்டார் பெர்னடீன்.

"அவ ஒட்டினது எதுவும் பிரிஞ்சதில்ல பெர்னி."

"சரி. மே மாசம் வச்சுக்கலாம். அரிஸோனாவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத, எனக்கு வேர்க்கும்."

ஓர்வில் அரிஸோனாவை விட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குளியலறை மீன் போக வேண்டும். அது தன்னைப் பார்ப்பதாகவும், வேலை நடக்க மாட்டேன் என்கிறது என்றும் சொன்னார்.

முக்குக் கடையின் பின்கூடத்தில் கல்யாணம் நடந்தது. மேசை நிறைய பன்றி இறைச்சி ரொட்டி, வறுத்த கோழி, ஒரு தட்டு முழுக்க வெண்ணெய். பெர்னடீன் டுவேனையும் அழைத்திருந்தார். அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டு, தலைவாரி வந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் பெர்னடீன் மீனைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப எதுக்கு இது?" என்றார் டுவேன்.

"அதோட வேலை முடிஞ்சுது. எடுத்துட்டுப் போ."

டுவேன் அதைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் குரலைத் தாழ்த்தி, "முப்பத்தேழு வருஷம் தூசு படாம வச்சிருந்திருக்கா பாருங்க" என்றார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் உடம்பைப் பத்தி விசாரிப்பாளாம், நாலு பேர் சொன்னாங்க. அவளுக்கு என்னை மறக்கவே முடியல."

நான் கோழியைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அதற்குள் ஓர்வில் அக்கார்டியனை எடுத்துவிட்டார். பெர்னடீன் நடனமாடிக்கொண்டே எங்கள் மேசைப் பக்கம் வந்து என் தோளில் கை வைத்து, காதருகே குனிந்தார்.

"கண்ணு, கிட்டத்துல பாத்தியே, அவன் மூஞ்சி என்ன நிறம்?"

"நல்ல சிவப்பு."

டுவேன் செத்தால் முழுத் தொகை என்ற விதி மட்டும் மாறவில்லை. பெர்னடீன் கொஞ்சம் யோசித்தார்.

"அந்த வெண்ணெயை அவன் பக்கமா நகத்து" என்று சொல்லிவிட்டு ஆடப் போனார்.