கடைசி வெற்றுப் பக்கம்

நேற்று என் மகள் ஒரு நாவலை வாசித்து முடித்துவிட்டு, "இப்படி ஒரு அம்மா இருந்தா நான் வீட்ட விட்டே போயிருவன்" என்றாள். கதையில் வரும் அந்தத் தாய் எதற்கெடுத்தாலும் கத்துகிறவள். நானும் அப்படித்தான். மகள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்தை வாங்கி அதன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். தன்னாமுனையில் எங்கள் ஒழுங்கைக்கு நூலகப் புத்தகம் ஒன்று வந்தால் ஆறேழு வீடு சுற்றித்தான் திரும்பிப் போகும். வாசித்தவர்கள் கடைசி வெற்றுப் பக்கத்தில் கதாநாயகனைப் பற்றி ஒரு வரி எழுதுவது வழக்கம். அந்த முறை வந்த நாவலின் நாயகன் பெருங்குடிகாரன். இரவில் மனைவியையும் பிள்ளைகளையும் அழவைத்து, விடிந்ததும் அவள் காலில் விழுகிறவன். "நாசமாப் போவான்" என்று அப்பாவின் தங்கையான மாமி எழுதியிருந்தார். அம்மா எதுவுமே எழுதவில்லை.

"என்னகா மச்சாள், அவனுக்கு ஏச ஒரு சொல்லும் கிடைக்கல்லையா?" என்று மாமி வேலிக்கு மேலால் கேட்டார்.

"அவன் பாவம்கா" என்றார் அம்மா.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பேனையை எடுத்து, "இப்படிப்பட்ட அப்பா வீட்டுக்கு வராமல் இருப்பதே நல்லது" என்று எழுதினேன்.

என் அப்பாவும் குடிப்பார். ஆனால் குடித்த நாட்களில்தான் அவருடைய சட்டைப்பையில் எனக்கென்று வாங்கிய கச்சான் கடலைச் சுருள் இருக்கும். அதனால் அவரையும் கதையில் வந்தவனையும் நான் ஒன்றாக நினைத்ததே இல்லை.

ஒழுங்கையில் கடைசியாக வாசிப்பவர் அப்பா. முடித்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"இது நீ எழுதினதா மகள்?"

"ஓம் அப்பா."

அந்த வரியின்மேல் விரலை வைத்து இன்னொருமுறை வாசித்தார். பிறகு, "எழுத்து வடிவா இருக்கு" என்றார்.

அதன்பின் அவர் குடிப்பதை நிறுத்தவில்லை. குடித்தால் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வாவிக்கரையில் கவிழ்த்துவைத்த தோணியின் அடியில் படுத்துக்கொள்வாராம். அம்மா போய்க் கூப்பிட்டும் வரவில்லை. மாரி தொடங்கியதும் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

அதற்கு முந்திய வாரங்களில் அவர் வீட்டுக்கு வந்த நாட்களிலும் நான் முகம்கொடுத்துப் பேசவில்லை. கச்சான் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாரே என்று கோபம். பள்ளிக்கூடத்தில் மட்டும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன், என் எழுத்து வடிவாக இருக்கிறதென்று அப்பாவே சொன்னார் என்று.