ஆமாம் ராஜா

அழகுராஜாவைப் பார்க்க வேண்டுமென்றால் சிம்மக்கல்லில் ஒரு குறுகலான மாடிப்படி ஏற வேண்டும். கீழே பேப்பர் தட்டு மொத்த வியாபாரம், மேலே அவர் கடை. போன் ரிப்பேர், கேம் கன்சோல் ரிப்பேர், பழசை வாங்கி விற்பது, இதுதான் தொழில். நாற்பதை நெருங்கும் ஆள். வாரத்துக்கு ஒரு வீடியோ போடுவார். கையில் வைத்து விளையாடும் கன்சோலில் அடுத்து என்ன வரப்போகிறது, உள்ளே என்ன சிப், திரை எத்தனை இஞ்ச், சார்ஜ் எம்புட்டு நேரம் நிற்கும், நம்ம ஊரில் என்ன விலை இருக்கும் என்று பேசுவார். கம்பெனிக்காரன் வாயே திறந்திருக்க மாட்டான். இவர் அதற்குள் ஸ்க்ரூ வரை கழற்றிப் போட்டிருப்பார்.

ஊகம்தான், ஆனால் வாய்க்கு வந்த ஊகம் இல்லை. டாலர் விலையை எடுப்பார், வரியைக் கூட்டுவார், பழைய மாடல்கள் எப்படி வந்தன என்று பார்ப்பார். போன முறை விலையை ஐந்நூறு ரூபாய் முன்னே பின்னே சரியாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பன்னிரண்டாயிரம் பேர் அவர் பேச்சை நம்புகிறார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘ஆம்’ ஒட்டிக்கொள்ளும். திரை எட்டு இஞ்சாம், பேட்டரி பெருசாம், தீபாவளிக்குள்ள வருமாம். நான் பார்க்கவில்லை, காதில் விழுந்ததைச் சொல்கிறேன் என்பதை அந்த ஆம் சொல்லிவிடும். யோக்கியமான பழக்கம். ஆனால் இந்தக் காலத்தில் யோக்கியத்துக்கு யார் லைக் போடுகிறார்கள்? பார்க்கிறவர்கள் அவருக்கு ‘ஆமாம் ராஜா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒருத்தன் எழுதியிருந்தான்: “அண்ணே, ஒரு வாட்டியாச்சும் வரும்னு சொல்லுங்கண்ணே. எங்க தெரு பால்காரரே உங்களவிட உறுதியாப் பேசுவாரு.” அதற்கு நானூறு பேர் சிரித்திருந்தார்கள். அழகுராஜாவுக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்த வாரம்தான் புதுக் கன்சோலைப் பற்றிப் பேசினார். அதற்கு உறை தைக்கிற ஒருத்தன் முன்கூட்டியே படம் வெளியிட்டிருந்தான். உறையின் இரண்டு பக்கமும் நீளமாக இடைவெளி விட்டிருந்தது. பொத்தான் வைத்த பக்கக் கைப்பிடி இரண்டும் பழையதைப் போலவே கழற்றி மாட்டத்தான் அது என்று அழகுராஜா முடிவு கட்டினார். வழக்கம்போல ‘ஆம்’ போட்டே பேசி முடித்தார். பிறகு கம்ப்யூட்டரில் திருத்த உட்கார்ந்தவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ‘வருமாம்’ என்பதில் நடுவில் இருக்கிற ‘மா’வை மட்டும் வெட்டி எடுத்தால் ‘வரும்’ ஆகிவிடுகிறது. ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. ‘விலை முப்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சிருமாம்’ என்பது ‘முடிஞ்சிரும்’ ஆனது. ‘கைப்பிடி தனியாக் கழட்ட வருமாம்’ என்பது ‘வரும்’ ஆனது. மொத்தம் பதினேழு ‘மா’ வெட்டினார். பழையதை இப்போதே விற்றுவிடுங்கள், அப்புறம் விலை விழுந்துவிடும் என்று கடைசியில் ஒரு யோசனை வேறு.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. பழைய கன்சோலை விற்க மாடிப்படியில் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் முத்துமீனாவும் ஒருத்தி. செல்லூரில் பவர்லூம் செட்டில் பதினோரு வருஷமாகத் தறி ஓட்டுகிறவள். கணவன் முகேஷ் ஷேர் ஆட்டோக்காரர். வேலை முடிந்து வந்ததும் ஆளுக்கொரு கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு, திரையை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து, இரண்டு பேரும் டென்னிஸ் ஆடுவார்களாம்.

“புதுசுலயும் ரெண்டு பேரும் ஆடலாம்ல, அதான் குடுக்குறேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே,” என்றாள். அழகுராஜா தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாரமே அதை அவனியாபுரத்து ஆள் ஒருவருக்கு நல்ல லாபத்தில் விற்றார்.

புதுக் கன்சோல் வந்தது. விலை நாற்பத்தாறாயிரம். கைப்பிடி உடம்போடு ஒட்டியே இருந்தது. உறையில் விட்டிருந்த இடைவெளி, சூட்டுக் காற்று வெளியே போவதற்காம். அழகுராஜா அன்றே வீடியோவை அழித்துவிட்டார். வெட்கம் பாதி, பயம் பாதி.

பத்து நாள் கழித்து முத்துமீனா படியேறி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தார். அவளோ ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணே, உங்கள மனசுக்குள்ள கண்டபடி திட்டிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வருமாம்னுதான் சொல்லியிருக்கீங்க. எங் காதுலதான் வரும்னு விழுந்துருக்கு.”

“யாரும்மா சொன்னது?”

“எங்க வீட்டுக்காரருதான். ஆமாம் ராஜா என்னைக்கு ‘வரும்’னு சொல்லியிருக்காரு, தறிச் சத்தத்துல உங் காது ‘மா’வ முழுங்கிருச்சுன்னு சிரிக்கிறாரு. திரும்பக் கேட்டுப் பாக்கலாம்னு தேடுனேன், அந்த வீடியோவயே காணோம். எங்க செட்டுல வயசானவுக நெறையப் பேருக்கு இப்பிடித்தாண்ணே ஆரம்பிச்சது. மொதலாளிகிட்ட இந்த மாசத்தோட நிக்கிறேன்னு சொல்லிட்டேன். இருக்குற காதயாச்சும் காப்பாத்துவோம்.”

அழகுராஜா கணக்குப் போட்டார். சும்மா இருந்தால் போதும். அவள் எழுந்து போய்விடுவாள், இவளிடமாவது அவர் பேர் கெடாது. அவள் போட்டுப் பார்க்க வீடியோவும் இல்லை. ஆனால் ஒரு பொம்பளை செய்யாத தப்புக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறாள், வேலையை விடுகிறாள், இவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதா? தன்னை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

கம்ப்யூட்டரைத் திருப்பி, வெட்டாத பழைய பதிவைத் தேடி எடுத்தார். “இதக் கேளும்மா.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “வருமாம்.”

வெட்டியதை ஓட்டினார்.

“இது வரும். மா இல்ல.”

“இந்த ரெண்டாவதத்தான் நான் போட்டேன். ‘மா’வ உங் காது முழுங்கலம்மா. நாந்தான் வெட்டுனேன். கெத்தா இருக்கட்டும்னு வெட்டுனேன். மாட்டிக்கிருவோம்னு பயந்து அழிச்சிட்டேன்.”

முத்துமீனா அவரையே பார்த்தாள். காறித் துப்பியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்ப எங் காது நல்லாத்தான் இருக்கா?” என்றாள்.

“நல்லா இருக்கும்மா.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடனே போனை எடுத்தாள். “ஏங்க, எங் காதுல ஒண்ணுமில்லயாம்! அண்ணனே போட்டுக் காமிச்சாரு. மொதலாளிட்ட வேலைக்கு வாரேன்னு சொல்லிரவா?” அந்தப் பக்கம் முகேஷ் ஏதோ கேட்டார். அவள் அழகுராஜாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, “அத வீட்டுல வந்து சொல்றேன்,” என்று வைத்துவிட்டாள்.

படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பினாள். “எங்களோட பழையது திரும்பக் கெடைக்குமாண்ணே?”

உறுத்தல் தாங்காமல் அவனியாபுரத்து ஆளுக்கு அவர் ஏற்கெனவே இரண்டு முறை போன் போட்டிருந்தார். கூடுதலாகத் தருகிறேன் என்றும் கேட்டாயிற்று. அந்த ஆள் முடியவே முடியாது என்றுவிட்டார். ‘பாப்போம், கெடைச்சிரும்’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“கெடைக்காதும்மா,” என்றார்.

“சரிண்ணே. அன்னைக்கும் இப்பிடி உள்ளத உள்ளபடி சொல்லியிருக்கலாம்ல,” என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள். செட்டுக்கு நேரமாகிவிட்டது.