பதினோரு சுற்று

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி. அங்கே விஜயகுமாரி தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். கொடுமுடியிலிருந்து குழாயில் வரும் காவிரியைத் தெருத் தெருவாகத் திறந்துவிடுவது அவள் வேலை. முன்பெல்லாம் அந்த ஊருக்கு உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர்தான். காப்பி போட்டால் பால் திரிந்துவிடும். காவிரி வந்த பிறகே பனியன் கம்பெனிகள் வந்தன, ஆட்கள் குடியேறினார்கள்.

இத்தனை நாள் பிழைப்புக் கொடுத்த ஆறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க அவளுக்கு ஆசை. சுற்றுலா பஸ் ஏறுமுன் கணவர் நல்லானிடம் வால்வுச் சாவியைக் கொடுத்தாள். சனிக்கிழமை மேட்டுத் தெருவின் முறை. ஐந்து நாளைக்கு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு நசீமாவின் மகளுக்குக் கல்யாணம், அறுநூறு பேருக்குச் சமையல். பள்ளத் தெரு வால்வை மூடினால்தான் மேட்டுக்குத் தண்ணீர் ஏறும் என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை தலைக்காவிரியில் வரிசையில் நின்று எட்டிப் பார்த்தாள். ஒரு சின்னத் தொட்டி. அவள் பார்க்கும் ஊர்த் தொட்டியில் இதுபோல் நூறு அடங்கும். இவ்வளவுதானா என்று நினைப்பதற்குள் நசீமாவிடமிருந்து போன்.

“அக்கா, குழாயில காத்துதாங்க வருது. சமையக்காரரு அண்டாவக் கவுத்துப் போட்டு அதுமேலயே உக்காந்திருக்காருங்க.”

உடனே நல்லானை அழைத்தாள். பள்ளத் தெரு வேலாத்தாள் இன்னும் ரெண்டு குடம் என்றாளாம், பக்கத்து வீட்டிலும் கேட்டார்களாம். யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர். போனை வேலாத்தாளிடம் கொடுக்கச் சொன்னாள்.

குடிக்கத்தானே கேட்கிறோம் என்றாள் வேலாத்தாள்.

“வண்டி கழுவற சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுங்க்கா” என்றாள் விஜயகுமாரி.

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. போன் மறுபடி நல்லான் கைக்குப் போனது.

“இப்ப மூடுங்க. பதினோரு சுத்து. சத்தமா எண்ணுங்க.”

நல்லான் எண்ணினார். சுற்றுலாவுக்குக் கூட வந்த பூங்குழலி, போனில் யாரோ மந்திரம் சொல்கிறார்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கால் மணி நேரம் கழித்து நசீமா மறுபடி கூப்பிட்டாள். போனை அண்டாவுக்குள் நீட்டினாள். வெறும் அண்டாவில் தண்ணீர் விழும் சத்தம் தடதடவென்று கேட்டது. விஜயகுமாரி அப்போதுதான் சின்னச் செம்பில் வாங்கி வைத்திருந்த தீர்த்தத்தைக் குடித்தாள். குளோரின் வாசமே இல்லை.

பிரியாணி ஒரு தூக்குப்போசியில் தனியாக எடுத்து வைப்பதாக நசீமா சொன்னாள்.

“ரெண்டா வைங்க. சுத்துனது அவருதானுங்க.”