ஸ்டெல்லாவின் உரக்குழி

போன வாரம் செடிகளுக்கென்று ஒரு பை உரம் வரவழைத்தேன். கே.கே. நகர் மூன்றாவது மாடியில் எனக்கிருக்கும் தோட்டம் நான்கு தொட்டிகள்தான். அதிலும் இரண்டில் வெறும் மண். பெருமைக்காகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். பையின் மேல் ‘துர்நாற்றம் அற்றது’ என்று அச்சிட்டிருந்தார்கள். பிரித்து முகர்ந்து பார்த்தேன். உண்மைதான், ஒரு வாடையும் இல்லை. ஸ்டெல்லாவின் ஞாபகம் வந்துவிட்டது.

மயிலாப்பூர்க் கடலோரத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் அறிவியல், நான் தமிழ். அவள் வீட்டில் பாதிப் பேர் டீச்சர்கள்; தலைமுறைகளாக அந்த வட்டாரத்து மாதாகோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். பள்ளியின் பின்சுவரை ஒட்டி, உப்புக்காற்றில் எதுவும் பிழைக்காத ஒரு துண்டு மணல் கிடந்தது. அங்கே நொச்சியும் ஆடாதொடையும் வைத்தாள். “இந்த ஊர்ச் செடிதான் இந்தக் காத்துக்கு நிக்கும்” என்பாள்.

மணலுக்குச் சத்தைத் தந்தவர் பள்ளி வாசலில் மீன் விற்ற ஆரோக்கியம். மத்தியானம் கடை கட்டும்போது தலையும் குடலும் செதிலுமாக ஒரு பெயிண்ட் வாளி நிறைய எடுத்து வைத்திருப்பார்.

“உன் செடிக்கு சோறு வச்சிகீறேன், எத்துகினு போ டீச்சரம்மா.”

ஸ்டெல்லா அதைச் செடிகளுக்குப் பக்கத்தில் வெட்டிய குழியில் கொட்டி, பூவரசஞ்சருகும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்து யோசனை சொல்வேன். சில மாதம் கழித்துத் தோண்டினால் கறுகறுவென்ற உரம், மழை விழுந்த மண் போல மணக்கும். மழைக்காலம் முடிந்ததும் நொச்சியைக் கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுவாள். வெட்டிய இடத்தில் இரண்டு கிளை கிளம்பும்.

பக்கத்து அடுக்குமாடியிலிருந்து நாற்றம் என்று புகார் வந்தது. அந்த வாரம் தெருச் சாக்கடை அடைத்துக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

“உங்க வகுப்புக்குப் பின்னாடிதானே அந்தக் குழி. வாடை வருதா?”

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. “கொஞ்சம் வருது மேடம்” என்றேன்.

சனிக்கிழமை ஆள் வைத்துச் செடிகளை வேரோடு பிடுங்கி, குழியை மூடி, சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். திங்கட்கிழமை வாசலில் ஆரோக்கியம் என்னை நிறுத்தினார். “இன்னா டீச்சர், இனிமே வாளி வாணாம்ன்றாங்க. நான் எதுனா தப்பு பண்ட்டேனா?”

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

யார் சொன்னது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியும். குப்பையில் கிடந்த ஒரு நொச்சிக் குச்சியை ஈரச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். “உங்க வீட்ல வை. தண்ணி மட்டும் அளவா ஊத்து.” திட்டியிருந்தால் தேவலை. எங்கே நட்டாலும் துளிர்க்கும் செடி அது. நான் வேளைக்கொரு சொம்பு ஊற்றி அழுகவைத்தேன்.

பிறகு ஆரோக்கியத்தின் குடும்பத்தை ஊருக்கு வெளியே எங்கேயோ குடியமர்த்திவிட்டார்கள். வாசலில் மீன் கடை இல்லை. என் வேலை நிரந்தரமாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பு, ராஜா அண்ணாமலைபுரத்தில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன்.

“நொச்சி எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“பூத்துச்சா?”

“போன மாசம்கூட.”

கண்ணை மூடிக்கொண்டாள். “அப்ப ஒண்ணாவது தப்பிச்சுது.”

அதற்குப் பின் பத்து நாள் இருந்தாள். நான் மறுபடி போகவில்லை.