இரண்டு ஆம்ப்களும் என் இடது காதும்

எங்கள் குழுவில் மூன்று பேர். பெங்களூர் வைட்ஃபீல்டில் வெவ்வேறு அலுவலகங்களில் வேலை. சனிக்கிழமைகளில் அடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் கூடி, ஊரறிந்த பாட்டுகளை வாசிப்போம். தமிழ், கன்னடம், இந்திப் படப் பாட்டுகள், பழைய ஆங்கில ராக், எது கேட்டாலும் உண்டு. கிதார் நான். டிரம்ஸ் ஒரு கன்னடக்காரர். பாடிக்கொண்டே பேஸ் கிதார் வாசிப்பவள் விவேக் நகர்ப் பெண். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவள்.

ஒரு நிகழ்ச்சியின் நடுவில் என் ஆம்ப், அதாவது கிதாரின் ஒலிபெருக்கிப் பெட்டி, புகைந்து நின்றுபோனது. புதிதாக வாங்குவதென்றால் பழைய பாணி வால்வு ஆம்ப்தான் என்று முடிவு செய்திருந்தேன். அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிபோல உள்ளே கண்ணாடி வால்வுகள் சூடேறி ஒளிரும். ஆனால் ஒரே ஆம்ப் எல்லாப் பாட்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். மெலடிக்குத் தெளிவாக ஒலிக்க வேண்டும், அடுத்த பாட்டிலேயே உறும வேண்டும். இணையத்தில் வீடியோக்களைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் மிஞ்சியது. ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதை இன்னொருவர் தகர டப்பா என்றார்.

தெரிந்த கடைக்காரர் ஒருவர் இரண்டு ஆம்ப்களைக் கொடுத்து, வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னார். ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர்மஞ்சள். கறுப்பை வாசித்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கம்பியும் பளிச்சென்று தனித்தனியாகக் கேட்டது. மஞ்சள், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

"அண்ணா, ப்ளீஸ், நிறுத்துங்க. காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றாள் பாடகி.

"ட்ரெபிள் ஜாஸ்தி ஆச்சு குரு. ஸ்வல்ப கம்மி பண்ணு" என்றார் டிரம்மர், கூரிய ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் திருகைக் காட்டி.

குறைத்தேன். இன்னும் என்றார்கள். இன்னும் குறைத்தேன். என் காதுக்கு ஒலியில் உயிரே இல்லாமல் போன பிறகு, "ஆ, இப்ப சரி" என்றார்கள் இருவரும்.

தண்ணீர் குடிக்க அறையின் எதிர்மூலைக்குப் போனவன், அங்கே நின்றபடியே ட்ரெபிளைப் பழையபடி ஏற்றச் சொல்லி வாசித்தேன். திடுக்கென்றது. அதே கறுப்பு ஆம்ப் இப்போது எனக்கும் ஊசியாகக் குத்தியது. பழைய இடத்துக்கு வந்தால் குத்தவில்லை. அறைதான் காரணம் என்று ஆம்பைத் தூக்கி வேறு மூலையில் வைத்தோம். அப்போதும் ஒரு பக்கம் திரும்பினால் கூர்மை, மறுபக்கம் திரும்பினால் மழுக்கம். "என்னாச்சு உனக்கு? சும்மா சும்மா சுத்திட்டே இருக்கே" என்று டிரம்மர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சோபாவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏங்க, மெஷின் எவ்ளோ நேரமா கத்திட்டே இருக்கு. எழுந்து நிறுத்தக் கூடாதா?"

"கத்துதா?"

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினேன். வலது காது விடுபட்டதும், துணி துவைத்து முடித்த மெஷினின் கீச்சொலி அறை முழுக்க இருந்தது. மறுபடி படுத்துப் பார்த்தேன். இல்லை. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே காது டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

இடது காதில் மேல்சுருதி ஒலிகள் கேட்பது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். பல வருடங்களாக டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளுக்கு அந்தக் காதைக் கொடுத்தபடியே நின்றிருக்கிறேன். போனது வராது, இருப்பதைக் காக்க அடைப்பான் போட்டுக்கொண்டு வாசியுங்கள் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை நாள் என் வாசிப்பென்று நான் கேட்டது எது? மற்றவர்கள் கேட்டது எது?

அடுத்த சனிக்கிழமை இருவரிடமும் சொன்னேன். டிரம்மர் எழுந்துபோய்த் தன் தட்டுகளை அறையின் அந்தப்பக்கமாக நகர்த்தத் தொடங்கினார். பாடகி இரண்டு ஆம்ப்களுக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு, "நான் கேட்டுச் சொல்றேன், நீங்க திருப்புங்கண்ணா" என்றாள்.

இரண்டிலும் என்னை வாசிக்க வைத்துக் கேட்டாள். மெலடியிலும் ராக்கிலும் தன் குரலை அழுத்தாமல் நின்றது மஞ்சள்தான் என்றாள். அதையே வாங்கினேன். எந்தத் திருகு எங்கே நிற்க வேண்டும் என்று அவளே வெள்ளை டேப் ஒட்டிக் குறித்தாள். ஆசை வந்தாலும் அதைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பு.

புத்தாண்டுக்கு வைட்ஃபீல்ட் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாசித்தோம். காதில் அடைப்பானோடு, பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல என் கிதாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஒருவர் மேடையருகே வந்து, "என்ன ஆம்ப் சார் இது? சவுண்ட் அருமை" என்றார்.

"எப்படி இருந்துச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்டேன். புகழ்ச்சி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். "சூப்பர் சார்" என்று கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.