மேடையில் மட்டும் ஒன்றானவர்கள்

எங்கள் ஊரில் ஒரே தெருவில் இரண்டு கோயில்கள். கிழக்கு முனையில் கத்தோலிக்கருடையது, மேற்கு முனையில் எங்கள் புராட்டஸ்டண்ட் சபை. இரண்டிலும் உட்கார்ந்திருந்தது ஒரே சனம்தான். ஒரே பண்ணையில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான்கள். ஆனால் கிழக்கே கும்பிடுகிறவர்கள் சிலையைக் கும்பிடுகிறவர்கள், அவர்களுக்கு மோட்சம் இல்லை என்று எங்கள் பாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். எங்களைத் திருச்சபையை உடைத்துக்கொண்டு போனவர்கள் என்று அங்கிருந்த ஃபாதர் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பக்கத்திலும் அவரவருக்குச் சொன்னதை நம்பினோம்.

என் அக்கா அறுபதுகளின் நடுவில் கிழக்குக் கோயில்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னபோதுதான் அந்த நம்பிக்கையின் விலை தெரிந்தது. பாஸ்டர் ஞாயிறு ஆராதனையில் அவள் பெயரைச் சொல்லி, இனி அவளுக்குச் சபையில் அப்பமும் ரசமும் தருகிற ராப்போஜனம் கிடையாது என்று அறிவித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். மறுவாரம் அக்கா ஃபாதரைப் பார்க்கப் போனாள். மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம் என்றார் அவர்.

"எனுக்கு ஒருதபா குடுத்தாச்சி சாமி. அது செல்லாதுன்னா இத்தினி நாளா நான் யாரைக் கும்ட்டுக்கினு இருந்தேன்?" என்று கேட்டுவிட்டு அக்கா திரும்பி வந்துவிட்டாள். பொன்னேரி ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது.

முதல் குழந்தை தவழும் வயதில் காய்ச்சலில் செத்துப்போனது. அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, இரண்டு கோயிலுக்கும் நடந்தார். பெற்றோரின் கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை, குழந்தைக்கு ஞானஸ்நானமும் இல்லை, அதனால் எங்கள் கல்லறையில் இடமில்லை என்று பாஸ்டரும் ஃபாதரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். அந்த விஷயத்தில் அவர்களுக்குள் அன்றைக்கே ஒற்றுமை இருந்தது. ஏரிக்கரையில் புதைத்தோம்.

எழுபதுகளில் எங்கள் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. மாமாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சில வருஷங்களில் இருமல் வந்தது, இளைத்தார். காசநோய் என்றார்கள். அக்கா விடாமல் அவரைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஊசிக்கு அழைத்துப் போனாள். மாத்திரையைக் கையில் கொடுத்து, முழுங்குகிறவரை எதிரிலேயே நிற்பாள். மெல்ல மெல்ல அவர் கன்னத்தில் சதை போட்டது. பழையபடி கேலி பேச ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் பாஸ்டரும் ஃபாதரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து அக்கா வீட்டு வாசலில் இறங்கினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. சபைகளெல்லாம் ஆவியில் ஒன்றாகிவிட்டனவாம். கும்மிடிப்பூண்டி பக்கத்துத் திடலில் ஐக்கியப் பெருவிழாவாம். பட்டணத்திலிருந்து, ஜெபித்தே நோயைச் சுகமாக்கும் ஊழியர் ஒருவர் வருகிறாராம்.

"நீங்க ரெண்டு பேரும்தான்மா இந்த ஐக்கியத்துக்கு முதல் சாட்சி. மேடையில வந்து நிக்கணும்" என்றார் பாஸ்டர். அவளைச் சபையிலிருந்து நீக்கிய அதே வாய்.

அக்கா அவர்களை உட்காரச் சொல்லவில்லை. "இப்போ நீங்க ஒண்ணாயிட்டீங்க இல்ல? அப்போ என் கொயந்தைய ஏரிக்கரையிலர்ந்து எடுத்தாந்து உள்ள வைங்க. எந்தக் கல்லறைன்னாலும் எனுக்கு சரி."

ஃபாதர் தரையைப் பார்த்தார். "அதெல்லாம் மேலிடத்துல கேக்கணும்மா. பழைய காயத்தைக் கிளறக்கூடாது."

"மன்னிக்கிறதுதான் ஆவியின் கனி" என்றார் பாஸ்டர். யார் யாரை மன்னிப்பது என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதுதான். இருவரும் கைகோத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்பதையாவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொன்னது பொய் என்றால் என் அக்கா முன்னால் மண்டியிட்டிருக்க வேண்டும். உண்மை என்றால் அதை ஒரு பந்தலுக்காக விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. தவறை ஒப்புக்கொள்ளாமலே ஒன்றாகிவிட முடியும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

பெருவிழாவுக்கு அக்கா போகவில்லை. மாமா போனார். கல்யாணத்துக்குப் பிறகு எந்தக் கோயிலும் அவரை வா என்று கூப்பிட்டதில்லை. அந்த ஏக்கம் அவருக்கு. துணைக்கு நான் போனேன்.

திடலில் கூட்டம் நெரிந்தது. மேளமும் கைதட்டலுமாக ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஊழியர் அந்நிய பாஷையில் பேச ஆரம்பித்ததும் என் பக்கத்திலிருந்த பெண்கள் ஆடினார்கள், விழுந்தார்கள். அவர் என்ன பேசினார் என்று ஒருவருக்கும் தெரியாது, எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. பிறகு மாமாவை மேடைக்கு ஏற்றினார்கள். ஊழியர் அவர் தலையைப் பிடித்து உலுக்கி, "காசநோயின் ஆவியே, வெளியே போ!" என்று கத்தினார். மாமா அழுதார். ஊழியர் மைக்கை அவர் வாயருகே நீட்டி, "சுகமாயிட்டீங்களா, பிரதர்?" என்று கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால் மாமா என்ன சொல்வார்? "ஆமாங்க" என்றார்.

"இனிமே மாத்திரையைத் தொட்டா அது அவிசுவாசம்!" என்று முழங்கினார் ஊழியர்.

கூட்டம் அல்லேலூயா என்று அலறியது. பாஸ்டரும் ஃபாதரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் மாமாவிடம் சண்டை போட்டேன். "அம்மாம் பேர் முன்னாடி சொல்ட்டேன்மா. இப்போ மாத்திரைய முழுங்குனா நான் பொய்யன் ஆயிடுவேன்" என்றார்.

அக்கா கெஞ்சினாள், திட்டினாள், சோற்றில் பொடித்துக் கலந்தாள். கண்டுபிடித்துத் துப்பினார். மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனி வாசலிலேயே ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தார். பட்டணத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நடுவில் விட்டதால் பழைய மருந்து இனி கேட்காது என்றார் டாக்டர்.

பாஸ்டர் ஜெபக்குழுவோடு வார்டுக்கு வந்தார். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டு, அக்காவைப் பார்த்தபடி, "குடும்பத்துல யார்கிட்டயோ அறிக்கை செய்யாத பாவம் இருக்கு. அதான் சுகம் நிலைக்கல" என்றார்.

அக்கா எழுந்தாள். "இன்னாய்யா சொன்ன? பாவமா? மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு? நானா? என் கொயந்தைக்கு ஆறடி மண்ணு இல்லன்ன. இப்போ இவருக்குக் குழி தோண்ட வந்துக்கீறியா? போ வெளிய!"

நர்ஸ் ஓடிவந்தாள். யார் யார் என்ன என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். "பேஷண்ட்டைத் தொந்தரவு பண்ணாதீங்க, கிளம்புங்க" என்று பாஸ்டரைத்தான் வெளியே அனுப்பினாள்.

மாமா பிழைத்தார். வேறு மருந்துகள் காப்பாற்றின. ஆனால் ஒரு பக்கத்து நுரையீரல் போனது போனதுதான். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். கம்பெனி அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள்.

அடுத்த வருஷம் அதே பெருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய ஜீப் எங்கள் தெருவுக்குள் வந்தது. "சென்ற ஆண்டு காசநோயிலிருந்து பூரண சுகம் பெற்ற சகோதரர்..." என்று அது சொல்லிக்கொண்டே வந்தபோது, அந்தச் சகோதரர் உள்ளே கட்டிலில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஜீப்பை மறித்தேன்.

"எறங்கி வாய்யா. நீ சொல்ற ஆளு இங்கதான் கீறாரு. வந்து பாரு."

மைக் பிடித்திருந்தவர் வெளியூர்க்காரர். இறங்கி வந்து வாசலில் நின்று மாமாவைப் பார்த்தார். மாமா இருமினார். வந்தவர் முகம் வெளுத்தது. "எனக்குத் தெரியாதும்மா. எழுதிக் குடுத்ததைப் படிக்கிறேன்" என்றார்.

"இப்போ தெரிஞ்சிச்சி இல்ல?"

தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறி மைக்கை நிறுத்தினார். தெரு முனை வரைக்கும் வண்டி சத்தமில்லாமல்தான் போனது. கிழக்குக் கோயிலைத் தாண்டித் திரும்பியதும் மைக் மறுபடி கரகரத்தது. பூரண சுகம் பெற்ற சகோதரர் என்ற வார்த்தைகள் எங்கள் காதில் தெளிவாக விழுந்தன. நான் வாசலிலேயே நின்று, என் வாயில் வந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் திட்டினேன்.