கப்டனுக்கு எண்ணெய்க் காப்பு

இன்று காலை குசினியில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குளிரில் கட்டியாகிக் கிடந்தது. சுடுதண்ணீருக்குள் வைத்தேன். உருகி மணம் எழும்பியதும் கப்டனின் ஞாபகம் வந்துவிட்டது. எந்தக் கப்டன் என்று கேட்பீர்கள். செத்து நூறு வருசத்துக்கு மேலான ஒரு வெள்ளைக்காரர். என் கையால் எண்ணெய் வைத்துக்கொண்ட ஒரே வெள்ளைக்காரர்.

தொண்ணூறுகளில், ஓக்லாந்துக்கு வந்த புதிதில், பழைய இங்கிலிஷ் தேவாலயம் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் யார் தருவார்கள்? தேவாலயத்துக்குப் பக்கத்துச் சவக்காலையில் கப்டனின் கல்லறை. வெள்ளைக் கல்லில் நங்கூரம், திராட்சைக் கொடி, மேலே செட்டை விரித்த தேவதை ஒருத்தி. அவ்வளவும் இங்கிலாந்தில் செதுக்கிக் கப்பலில் வந்ததாம். அந்தக் கல்லிடம் ஒருவரும் விசா கேட்கவில்லை. எங்களிடம் கேட்டார்கள். நிரந்தர விசாவுக்கு, வேலை செய்கிற இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் ஒன்று வேண்டும் என்றார்கள்.

அந்த நேரம்தான் தேவாலயத்தைத் திருத்தி முடித்து, ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வதிக்க பிஷப் வருவதாக இருந்தது. என் அறிவுக்கு அது கும்பாபிஷேகம். எங்கள் ஊரில் அதற்கு முதல்நாள் சனம் வரிசையில் நின்று சாமிக்கு எண்ணெய்க் காப்பு வைக்கும். இங்கே ஒருவருக்கும் அந்த அக்கறை இல்லை. கப்டனோ வறண்டு வெடித்துப்போய்க் கிடந்தார். நல்லெண்ணெய்தான் முறை. கைவசம் இருந்தது சான்ட்ரிங்ஹாம் பக்கத்துக் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெய். வெள்ளைக்காரருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? சனிக்கிழமை பின்னேரம் பூசினேன். கல் ஒரு போத்தல் முழுவதையும் குடித்துவிட்டது.

ஞாயிறு காலை தேவதை என் நிறத்துக்கு வந்திருந்தாள்.

"உமக்கு விசரே?" என்றார் என் வீட்டுக்காரர். "அவையின்ர சவக்காலையிலை போய்..."

"வடிவா இருக்குமெண்டு..."

"வாயைத் திறவாதையும். கடிதம் கைக்கு வரட்டும்."

வாய் திறக்காமலிருப்பது எனக்குப் பிறவியிலேயே வந்த கலை. ஆனால் அடுத்த கிழமை மண்டபத்தில் கமிட்டி கூடியபோது நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கோப்பை கழுவுகிறவளுக்குக் காது இல்லை என்பது கமிட்டியின் எண்ணம். செயலாளர் அம்மா கண்டுபிடித்துவிட்டார்: புல்லு வெட்டுகிற தொங்காத் தீவுக்காரர் சியோனேதான் மெசின் எண்ணெயைச் சிந்தியிருக்க வேண்டும். அவரை வேலையிலிருந்து நிறுத்துவது என்று முடிவு. சியோனே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

ஈரக் கையைத் துடைத்தேன். எறியாமல் பையிலேயே கிடந்த வெறும் போத்தலை எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"மீ," என்றேன். "சொறி. நொட் ஹிம்."

காதுக்கு விளங்கினாலும், வாயில் வருகிற இங்கிலிஷ் எனக்கு அதோடு முடிந்தது.

செயலாளர் அம்மா போத்தலைச் செத்த எலியைப் போலப் பார்த்தார். சியோனே சிரித்துவிட்டார். முதல்நாளே மணத்தில் அவருக்குத் தெரியுமாம். அவர் ஊரிலும் உடம்புக்குப் பூசுவது இதே எண்ணெய்தானாம். பிறகேன் சொல்லவில்லை என்று கையாலேயே கேட்டேன்.

"யுவர் லெட்டர், சிஸ்டர்," என்றார். எப்போதோ தேத்தண்ணி நேரத்தில் நான் பாதி சைகையில் சொன்னதை அவர் மறக்கவில்லை.

சியோனேயின் வேலை தப்பியது. எனக்குப் பாதிரியார் கடிதம் தந்தார்: இவர் நேர்மையானவர், சொன்ன வேலைக்கு மேலாகவும் செய்வார். அதே கையோடு, அடுத்த கிழமையிலிருந்து வரத் தேவையில்லை என்றும் சொன்னார். இவ்வளவு மரியாதையாக ஒருவரை நிறுத்த இங்கிலிஷ்காரரால்தான் முடியும். விசா வந்தது.

போன மாதம் மகள் காரில் கூட்டிப்போய் அந்தச் சவக்காலையைக் காட்டினாள். செயலாளர் அம்மாவும் இப்போது அங்கேதான், எண்ணெய் பூசியது போல் பளபளக்கும் கறுப்புக் கல்லுக்குக் கீழே. யார் பூசினார்கள் என்று விசாரிக்கத்தான் கமிட்டி இல்லை. கப்டன் மழையில் வெளுத்துப் பழையபடி வெள்ளைக்காரராகிவிட்டார். பக்கத்தில் ஒரு பலகை: தொடக்கூடாது.

மகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் கிட்டப் போய்த் தேவதையில் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். வெறும் மழை மணம். அதற்குள் எங்கேயாவது கொஞ்சம் எண்ணெய் இருக்கிறதா என்று சொல்லக்கூடிய ஒரே மூக்கு சியோனேயுடையது. தேவாலயத்துக்குள் போய் அவர் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒருவர் இருந்ததே அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.